ஒரு துப்பாக்கியை உடைக்கச் சொன்னார்கள்

மடியில் என்ன என்றுதானே பார்க்கிறீர்கள்? கேளுங்கள் சார், தப்பில்லை. திருச்சியில் நீங்கள் ஏறி உட்கார்ந்ததிலிருந்து நானும் உங்களைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பெட்டி இடுக்கில் ஒரு குழாய் தெரிகிறது. அதை ஒரு பார்வை, என் முகத்தை ஒரு பார்வை. எழுந்து வேறு இடம் போய்விடலாமா என்றுகூட நினைத்திருப்பீர்கள். இடம் இல்லை, அதனால் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

துப்பாக்கிதான் சார். பதினொன்று இருக்கிறது.

இல்லை, எழுந்திருக்காதீர்கள். சினிமாவுக்கு உள்ளது. இதோ பாருங்கள், கோர்ட் உத்தரவு, முத்திரையோடு. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை கட்டியிருக்கிறார்கள், ‘மாதிரி, சுடாது’ என்று. அதை நான் கட்டவில்லை. நானாக இருந்தால் கட்டியிருக்க மாட்டேன்.

என் பெயர் தெய்வசிகாமணி. சென்னை சாலிகிராமத்தில் பட்டறை. சினிமாவில் யாராவது யாரையாவது சுட வேண்டும் என்றால் என்னிடம்தான் வருவார்கள். அதோ, டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம், நீலக் கட்டம் போட்ட சட்டை. தெரிகிறதா? அப்படி எட்டிப் பார்க்காதீர்கள், கண்ணாடியில் பார்த்துவிடுவார். அவர் என் தங்கை புருஷன், முனிரத்தினம். நாற்பத்து மூன்று நாள் கிளைச் சிறையில் இருந்துவிட்டு நேற்றுச் சாயங்காலம்தான் வெளியே வந்தார். காலையில் திருநெல்வேலியில் இந்த பஸ்ஸில் ஏறினோம். சேர்ந்து ஏறவில்லை. அவர் முன்வழியாக ஏறினார், நான் பின்வழியாக. எனக்கு எடுத்த டிக்கெட்டோடு அவருக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஏற்கெனவே எடுத்திருந்தார். “மாப்பிள்ளை” என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை சார். தூங்குகிறவர் இமை அப்படி இறுகி இருக்காது.

என் தங்கை தேன்மொழி நேற்று ராத்திரி ஃபோனில் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “அவரைக் கையோட கூட்டிக்கிட்டு வா. அவர் இல்லாம என் வாசல்ல வந்து நிக்காதே.” நான் குடியிருப்பதே அவள் வீட்டு மாடியில்தான். மனைவி போய் ஒன்பது வருஷமாகிறது. சாப்பாடு, துணிமணி, காய்ச்சல் வந்தால் கஷாயம், எல்லாம் அவள் கையால்தான். அதனால் இன்றைக்கு இந்த மனிதரை எப்படியாவது சாலிகிராமத்தில் கொண்டு போய் இறக்க வேண்டும். பேசாதவரை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு போலீஸ் படம். பெயர் இன்னும் வைக்கவில்லை. கொலை, துப்பறிதல், கடைசியில் மலையடிவாரத்தில் சண்டை. தென்காசிப் பக்கம் படப்பிடிப்பு. டைரக்டர் சின்ன வயசுக்காரர். என்னிடம் வந்து, “அண்ணே, பாத்தவுடனே பயம் வரணும்” என்றார். நான் சொன்னேன், “தம்பி, துப்பாக்கியைப் பாத்துப் பயம் வரக்கூடாது. அதை வெச்சிருக்கிற ஆளைப் பாத்து வரணும்.” அவருக்குப் பிடித்துவிட்டது. மூன்று மாதம் நேரம் கொடுத்தார்.

மூன்று மாதம் ஒரே யோசனை. கெட்ட இன்ஸ்பெக்டர் ஒருவர் வருகிறார். அவருக்கு ரிவால்வர். அதை அவர் உறையிலிருந்து எடுத்ததே இல்லை, அவருக்கு அது தேவைப்படுவதில்லை. அப்படியென்றால் உறைக்குள் இருக்கிற பகுதி புதுக்கருக்கு மாறாமல் இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிடி மட்டும் வெயிலில் வெளுத்திருக்க வேண்டும். வெளுக்க வைத்தேன். மொட்டை மாடியில் பதினெட்டு நாள் வெயில். ரிட்டயராகப் போகிற ஏட்டு ஒருவருக்குப் பழைய ரைஃபிள். தோள்வார் அறுந்து அவரே தைத்துக்கொண்டிருப்பார் இல்லையா? வீட்டில் கிடைத்த நூலில்தானே தைப்பார்? பச்சை நூலில் தைத்தேன். அதை யாரும் கேட்கவில்லை, எந்த ஷாட்டிலும் அவ்வளவு கிட்டே போகப் போவதும் இல்லை. ஆனால் அந்த ஏட்டாக நடித்தவர் வாரைத் தடவிப் பார்த்தார் சார். தடவிப் பார்த்துவிட்டுப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். அதுதான் எனக்குக் கூலி.

வில்லன் துப்பாக்கியே வைத்துக்கொள்வதில்லை. அவனுடைய டிரைவர் துண்டில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்திருப்பான். அதில் எண்ணெய்ப் பிசுக்கும் துண்டு நூலும் ஒட்டியிருக்கும். அடியாளுக்கு நாட்டுத் துப்பாக்கி, தண்ணீர்க் குழாயில் செய்தது, செப்புக் கம்பி சுற்றியது. அது ஒரு நாள் வேலைதான். அதையும் அக்கறையாகத்தான் செய்தேன்.

கதாநாயகர் டி.எஸ்.பி. அவருக்கு ஒன்பது எம்.எம். பிஸ்டல். வலக்கைக்காரர். ஆகவே கட்டைவிரல் படும் இடது பக்கத்தில் பிடி தேய்ந்திருக்க வேண்டும். அந்தத் தேய்மானத்தை அரத்தால் ராவினால் அரம் தெரியும். தினமும் சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது நானே கட்டைவிரலால் தேய்த்தேன், அரிசி மாவு தொட்டு. எண்பது நாள். என் விரலைப் பாருங்கள், இன்னும் சரியாகவில்லை.

எடை இன்னொரு விஷயம். வெறும் அலுமினியத்தில் செய்து கொடுத்தால் நடிகர்கள் சீப்பு எடுப்பது மாதிரி எடுப்பார்கள். நிஜத்தில் மணிக்கட்டு கொஞ்சம் இறங்கும். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், பழக்கமானவர், ஒருமுறை தன்னுடையதைக் காட்டினார். நான் கெஞ்சினேன் என்று அவர் மனைவியின் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தும் பார்த்தோம். அந்த அம்மா இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. அந்த எடைக்கு உள்ளே ஈயம் ஊற்றுவேன். கையில் எடுத்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியாது.

அப்புறம் எங்கள் பட்டறையில் ஒரு சட்டம். ‘டம்மி’ என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. பொம்மை என்றும் சொல்லக் கூடாது. செட்டில் எவனாவது “அந்த டம்மியை எடுப்பா” என்று சொல்லிவிட்டால் நடிகர் கை அன்றைக்கு முழுக்க விளையாட்டுக் கையாகிவிடும். அதனால் பட்டறையிலேயே நாக்கைப் பழக்க வேண்டும். சொன்னவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். அதிகமாக டீ வாங்கித் தந்தது மாப்பிள்ளைதான். “மச்சான், ரெண்டு வருஷமா நான் பால்காரனுக்குத்தான் சம்பாதிக்கிறேன்” என்பார். நன்றாகச் சிரிப்பார். அவருக்குச் சிரிப்பு முதலில் தோளில்தான் வரும். அப்புறம் போன வருஷம் முழுக்க ஒரு தடவைகூட அவர் டீ வாங்கவில்லை. நாக்குப் பழகிவிட்டது.

கடை அவர் பெயரில். வேனும் அவர் பெயரில்தான், ஓட்டுவதும் அவர்தான். எனக்குச் செய்ய மட்டும்தான் தெரியும்.

ஏப்ரல் மாதம். தேர்தல் நேரம் என்பது எங்களுக்கு எப்படித் தோன்றாமல் போனது என்றுதான் இன்னும் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் லைசென்ஸ் உள்ளவர்களே துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ரோட்டில் பத்து மைலுக்கு ஒரு பறக்கும் படை. நான் முதல் நாளே ஆர்ட் டைரக்டரோடு ரயிலில் போய்விட்டேன். மாப்பிள்ளை வேனில் பெட்டியோடு வந்தார். திருநெல்வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சோதனைச் சாவடி. ஊர்ப் பெயர் வேண்டாம் சார்.

காலை பத்து மணி. வண்டியை நிறுத்தினார்கள். “பெட்டியில என்ன?” என்று கேட்டார்கள்.

இவர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சினிமாச் சாமான், ஷூட்டிங்குக்குப் போகிறது, விளையாட்டுச் சாமான், என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இவர் சொன்னார், “துப்பாக்கி சார். பதினொண்ணு.”

எங்கே எதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு மனிதருக்குத் தெரிய வேண்டாமா?

சலான் ஒன்று கையில் இருந்தது. அது நான் எழுதியது. கேட்கிற நாலு பேருக்கும் நம்பிக்கை வரட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருந்தேன். ஒன்பது எம்.எம். பிஸ்டல், இன்ன நம்பர். ரிவால்வர், இன்ன நம்பர். அதே நம்பரைத் துப்பாக்கியிலும் பொறித்திருந்தேன். அதிகாரி சரிபார்த்திருக்கிறார். எல்லாம் ஒத்துப்போயிருக்கிறது. ஒத்துப்போகாமல் எப்படி இருக்கும், வேலை அப்படி.

எனக்கு ஃபோன் வந்து, கார் பிடித்து நான் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. ஸ்டேஷனில் மேசைமேல் பதினொன்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். தேர்தல் வேலை என்பதால் கூடவே ஒரு வீடியோக்காரர். பாவம், கல்யாண வீடியோ எடுக்கிற பையன் போலிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து எடுத்துக்கொண்டிருந்தான். எல்லாம் கறுப்பாக விழும். “தம்பி, இப்படித் திருப்பி வெச்சு, பக்கவாட்டுல வெளிச்சம் வாங்கு” என்று சொல்லி நானே இரண்டு மூன்றைத் திருப்பி வைத்தேன். அந்த வீடியோதான் அன்று சாயங்காலமே உள்ளூர் டி.வி.யில் வந்தது, ‘ஆயுதக் குவியல் பிடிபட்டது’ என்று. ஃபோனில் வைத்திருக்கிறேன். பார்க்கிறீர்களா? ஒரு நிமிஷம். இதோ. அந்தப் பிஸ்டலைப் பாருங்கள். எப்படி இருக்கிறது? படத்தில்கூட அவ்வளவு நன்றாக விழுந்திருக்காது.

மாப்பிள்ளை ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். நல்ல மாதிரி. அதை நான் மறைக்க மாட்டேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“நீங்க யாரு?” என்றார்.

“இதையெல்லாம் செஞ்சவன் மேடம்.”

“துப்பாக்கி செஞ்சேன்னு என்கிட்டயே வந்து சொல்றீங்க?”

“சினிமாவுக்கு மேடம்.”

கம்பெனி மேனேஜர் ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். அதைக் காட்டினேன். அந்த அம்மா சத்தமாகப் படித்தார்: “எங்கள் படப்பிடிப்புக்குத் தேவையான ஆயுதங்கள்.” படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஆயுதங்கள்னு போட்டிருக்கு. சலான்ல நம்பர் போட்டிருக்கு. உங்க ஆளு வாயாலயே துப்பாக்கின்னு சொல்லியிருக்காரு. எடுத்துப் பாத்தா கனக்குது. பொம்மைன்னு நான் எதை வெச்சு எழுதட்டும்?”

நான் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “இங்க பாருங்க பெரியவரே. எனக்கு ஓட்டு மெஷினுக்குப் பந்தோபஸ்து போகணும். மூணு பஞ்சாயத்து காத்திருக்கு. ஒண்ணு செய்யுங்க. இதுல எதையாவது ஒண்ணை எடுத்து என் கண் முன்னால உடைங்க. உள்ளே என்ன இருக்குன்னு நான் பாத்துக்கிறேன். வீடியோவுல ஏத்திட்டு, ஒரு எழுத்து வாங்கிட்டு அனுப்பிடறேன். பத்து நிமிஷ வேலை.”

“எதை மேடம்?”

“எதையாவது. எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

பாருங்கள் சார். எல்லாம் ஒன்றுதானாம்.

“மேடம், கண்டின்யுட்டி கெட்டுடும்” என்றேன்.

“அது எந்த செக்ஷன்?” என்றார்.

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். பாதிப் படம் சென்னையில் எடுத்தாகிவிட்டது. மிச்சத்திலும் அதே துப்பாக்கி அதே தேய்மானத்தோடு வர வேண்டும். டி.எஸ்.பி. பிஸ்டல் இதுவரை நாற்பத்திரண்டு சீனில் வந்திருக்கிறது. ரிவால்வர் பிடி வெளுக்கப் பதினெட்டு நாள் ஆகும். ஏட்டு ரைஃபிளை ஆஃபீஸ் சீனில் மேசைமேலேயே வைத்து எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகக் காட்டி, எதை ஏன் உடைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு கான்ஸ்டபிள் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைப் பக்கத்தில் வைத்தார். இன்னொருவர், “சார் நல்லாக் கதை சொல்றாரு, டிக்கெட் எடுக்கத் தேவையில்ல” என்றார். சிரித்தார்கள். அப்போது எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள் சார். அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

மாப்பிள்ளை தரையிலிருந்து எழுந்து வந்தார். என் காதருகில் மெதுவாகச் சொன்னார். “மச்சான், அந்த நாட்டுத் துப்பாக்கி ஒரு நாள் வேலைன்னு நீங்களே சொன்னீங்க. அதைக் குடுங்க. உங்களால முடியலன்னா நான் உடைக்கிறேன். நீங்க வெளிய போய் நின்னுக்கோங்க.”

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். நான் அந்தத் துப்பாக்கி மேல் கையை வைத்தேன்.

வேண்டுமென்று வைக்கவில்லை. கை போய்விட்டது. அடுப்புப் பக்கம் குழந்தை போனால் நமக்குக் கை போகும் இல்லையா, அப்படிப் போய்விட்டது. ஒரு நிமிஷம்தான் இருக்கும். நான் கையை எடுத்திருப்பேன். ஒரு நிமிஷம் கொடுத்திருந்தால் எடுத்திருப்பேன்.

அந்த அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

“உடைக்கச் சொன்னா உடைக்கக் கூடாத பொம்மையா?” என்றார். ரைட்டரைக் கூப்பிட்டார். “எழுதுப்பா” என்றார்.

அவ்வளவுதான். பெட்டி அவர் வண்டியில் இருந்தது, கடை அவர் பெயரில் இருந்தது, துப்பாக்கி என்று சொன்னதும் அவர் வாய்தான். ஆகவே அவர் பெயர் எழுதப்பட்டது. என்னைச் சாட்சியாகப் போட்டார்கள். “இப்ப உடைக்கிறேன் மேடம்” என்று சொன்னேன். “இனிமே இது கோர்ட் சொத்து. தொட்டா உங்க மேலயும் கேஸ்” என்றார். நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

அப்புறம் நாற்பத்து மூன்று நாள் நான் ஏறாத படி இல்லை. நிபுணர் பார்த்துச் சான்று தர வேண்டும் என்றார்கள். நிபுணரிடம் போனால் துப்பாக்கி வந்தால்தான் பார்ப்பேன் என்றார். அனுப்பச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் தேர்தல் வேலையில் இருந்தார்கள். ஓட்டு எண்ணட்டும் என்றார் ஒருவர். எண்ணிய பிறகு, புது அதிகாரி வரட்டும் என்றார் இன்னொருவர். வக்கீல் ஒருவர் மட்டும் உருப்படியாகப் பேசினார். “ஜாமீனுக்குத் தேவை ஒரே ஒரு வரி, அது துப்பாக்கி இல்லன்னு. நீங்க ஒரு அஃபிடவிட் போடுங்க, அது வெறும் பொம்மைன்னு” என்றார். போட்டேன் சார். போடாமல் என்ன? அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்து, ‘வெறும் பொம்மை’ என்று இருந்த இடத்தில் ‘மிகுந்த தொழில்திறனுடன் தயாரிக்கப்பட்ட மாதிரி’ என்று திருத்திக் கொடுத்தேன். அரசாங்க வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். அது என்ன தொழில்திறன், எதற்குத் தயாரித்தார்கள், இன்னும் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். பத்து நாள் தள்ளிவிட்டார்கள். உண்மையை எழுதியதற்குப் பத்து நாள்.

இதற்குள் தேன்மொழி கூப்பிட்டாள். “அண்ணா, ஒரு பொம்மையை உடைக்கச் சொன்னாங்களாமே?” என்றாள்.

“பொம்மைன்னு சொல்லாதே” என்றேன். பழக்கம் சார். இருபது வருஷப் பழக்கம். வாயில் வந்துவிட்டது. ஃபோனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் பேசியது நேற்றுத்தான்.

சிறையில் பார்க்கப் போவேன். வாரம் ஒரு நாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், இரண்டு பக்கமும் பத்துப் பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். முதல் இரண்டு தடவை பேசினார். மூன்றாம் தடவை மே மாதம். “பாப்பா ரிசல்ட்?” என்று மட்டும் கேட்டார். அவர் மகள் ப்ளஸ் டூ. ஐந்நூற்று அறுபத்தொன்று வாங்கியிருந்தாள். சொன்னேன். அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. சிரிப்பதாகத்தான் முதலில் நினைத்தேன்.

அவர் மனசை மாற்ற வேண்டாமா? பேச்சை வேறு பக்கம் திருப்பினேன். “மாப்பிள்ளை, ஒரு அநியாயம் கேட்டீங்களா? கோர்ட்டுல எல்லாத்து மேலயும் வெள்ளைப் பெயின்ட்ல நம்பர் எழுதிட்டாங்க. பிஸ்டல்ல சரியா கட்டைவிரல் படுற இடத்துலயே எழுதியிருக்கான். ரிவால்வரை அடியில போட்டு மேலே ரைஃபிளை வெச்சிருக்காங்க” என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திரும்பி உள்ளே போய்விட்டார். பத்து நிமிஷம் நேரம் இருந்தது இன்னும். அதற்கப்புறம் போனபோதெல்லாம் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதோ, பாருங்கள். இந்தப் பெயின்ட்தான். தின்னர் போட்டால் போகும். ஆனால் அடியில் இருக்கிற கறுப்பும் சேர்ந்து போய்விடும்.

படமா? படம் முடிந்துவிட்டது சார். அதுதான் வேடிக்கை. நாலு நாள் காத்திருந்துவிட்டு, திருவிழாக் கடையில் பிளாஸ்டிக்கில் விற்குமே, அதை வாங்கிக் கறுப்பு அடித்து, மிச்சத்தை எடுத்து முடித்துவிட்டார்கள். டைரக்டரிடம் கேட்டேன். “அண்ணே, எடிட்டிங்ல பாத்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியல” என்றார். எனக்குத் தெரியும் என்றேன். “நீங்க ஒருத்தர்தானேண்ணே” என்றார்.

நிபுணர் அறிக்கை போன வாரம் வந்தது. நாற்பத்து மூன்று நாளுக்கும் சேர்த்து ஒரே வரி: ‘இவை துப்பாக்கிகள் அல்ல.’ ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நிபுணர், பிஸ்டலைக் கையில் எடுத்ததும் முதல் காரியமாக வாயைக் கீழே திருப்பி, உள்ளே குண்டு இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாராம்! இருபது வருஷ சர்வீஸ்காரர். வக்கீல் குமாஸ்தா சொன்னார். அன்றைக்கு ராத்திரிதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

இதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பார் என்று நினைக்கிறேன். என்ன, நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறீர்கள்? சரி, விடுங்கள்.

இது எந்த ஊர்? விழுப்புரமா? பத்து நிமிஷம் நிற்கும் என்கிறாரே கண்டக்டர். நல்லதாகப் போயிற்று. அவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. இங்கே இறங்கி, இரண்டு பேருமாக ஒரு டீ குடித்தால் பேச்சு தானாக வந்துவிடும். நானே காசு கொடுத்து வாங்கித் தருகிறேன். அப்படியே மன்னிப்பு என்றுகூட… ஏன், கேட்கலாம். மூத்தவன் கேட்டால் குறைந்தா போய்விடுவான்?

அதோ எழுந்துவிட்டார். இறங்குகிறார் பாருங்கள். பையையும் எடுத்துக்கொண்டு இறங்குகிறாரே? டீ குடிக்கப் பை எதற்கு?

சார், அந்தப் பக்கம் ஜன்னலில் கொஞ்சம் பாருங்கள். எங்கே போகிறார்? அந்தப் பச்சை பஸ் எந்த ஊர் போகிறது? திருவண்ணாமலையா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். போளூரில் அவர் அம்மா இருக்கிறார்கள். திருவண்ணாமலை போய்த்தான் போக வேண்டும்.

மாப்பிள்ளை! மாப்பிள்ளை! கேட்கவில்லை. இந்தக் கண்ணாடி வேறு திறக்க மாட்டேன் என்கிறது.

இறங்கி ஓடினால் பிடித்துவிடலாம். இருபது அடிகூட இல்லை. படியில்தான் நிற்கிறார். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தால் உதற மாட்டார், உதறுகிற மனிதர் இல்லை.

நீங்கள் பிடித்துக்கொள்கிறீர்களா? ரொம்ப நன்றி சார். உங்களைப் பார்த்தாலே தெரிகிறது, நல்ல மனிதர். இந்தாருங்கள், மடியில் வையுங்கள். அப்படி இல்லை, படுக்கை வசமாக. சாய்த்தால் ரைஃபிள் சரிந்து ரிவால்வர் பிடியில் உரசும், அது வெயிலில் வைத்து வெளுத்தது. இரண்டு கையாலும், அடியில் கொடுத்து. இல்லை, பெட்டிக்கு அடியில் இந்தக் கை. பொறுங்கள், பிஸ்டலை மட்டும் தனியாக எடுத்துத் துண்டில் சுற்றி வைத்துவிடுகிறேன். ஒரு நிமிஷம்தான். இந்த முனையை இப்படி மடித்து… அவர் பஸ் இன்னும் நிற்கிறது இல்லையா? பார்த்துக்கொண்டே இருங்கள். நகர்ந்தால் சொல்லுங்கள்.

நகர்கிறதா?

நகர்ந்துவிட்டதா சார்?

சரி. அதை என்னிடமே கொடுத்துவிடுங்கள். நீங்கள் பிடித்திருப்பது கோணலாக இருக்கிறது.